தனித் தட்டு எதற்கு, ஆச்சி?

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரிலிருந்து 54 வயது ஆச்சி ஒருவர் ஏழு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 59. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஆடியில் பிடித்த இருமலுக்கு மருந்துக்கடை சிரப்பும், ஒரு கிளினிக்கில் இரண்டு தடவை எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கும் சாப்பிட்டும் நிற்கவில்லை. எட்டுக் கிலோ எடை குறைந்தபோதும், சர்க்கரைக்காரருக்கு இளைக்கத்தானே செய்யும் என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். ஐப்பசியில் சளியைச் சோதித்தபோது நுரையீரல் காசநோய் என்று தெரிந்தது; நல்ல வேளையாக, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்குக் கட்டுப்படும் வகை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. சோதனையில் 10.8 சதவீதம். மாத்திரை தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. அதில் இரண்டு நாள், சிறுநீர் சிவந்து போனதைக் கண்டு பயந்து ஆச்சியே நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்.

வீட்டில் 86 வயது மாமியார் இருக்கிறார். கணவரை இழந்த ஆச்சியின் தங்கையும் உடன் இருக்கிறார். அவருக்கு முடக்குவாதம், வாரம் ஒரு நாள் மெதோட்ரெக்ஸேட் மாத்திரை. மருமகள், ஏழு மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேவகோட்டையில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார், வர மறுக்கிறார். நோயாளி வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் உள்ள ஓர் அறையில், ஏ.சி. போட்டு, கதவடைத்து வைக்கப்பட்டிருக்கிறார். அவருக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். வேலைக்கு வரும் பெண் அவற்றைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தனியாகக் கழுவி வைக்கிறார். மகன் எல்லோருக்குமாகச் சேர்த்து ‘நோய் எதிர்ப்புச் சக்திப் பொடி’ ஆறு டப்பா வாங்கி அனுப்பியிருக்கிறார்.

ஆச்சியின் கேள்விகள் இவை. மலாயாவிலிருந்து திரும்பிய மாமனார் 1971இல் இதே நோயில் இறந்தார். மாமியார் சொல்வதுபோல இது வம்சத்தில் வருவதா? கணவருக்கும் கொழுந்தனாருக்கும் சர்க்கரை, தனக்கும் ‘கொஞ்சம்’ இருக்கிறது என்றால் சர்க்கரையும் தொற்றுமா? அந்தக் காலத்தில் காசநோயாளிகளைத் தங்கவைத்த தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்பியதுபோல எங்கேனும் அனுப்பிவிடுவது நல்லதா? எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கேட்டார்களே, அது அவமானமில்லையா? தை கடைசியில் வைத்திருக்கும் அறுபதாம் ஆண்டு சாந்தியைத் தள்ளிப்போட வேண்டுமா?

ஆச்சி, உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். ‘தட்டு’ என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது, ‘சர்க்கரை’ மூன்று இடத்தில். ‘காற்று’ ஓரிடத்திலும் இல்லை. பயப்பட வேண்டாததற்குப் பயந்து, கவனிக்க வேண்டியதை விட்டிருக்கிறீர்கள். இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் வைத்தியம் பார்க்கிறேன், படித்த வீடுகளிலும் இப்படித்தான் நடக்கிறது.

அது காற்றில் வருகிறது

காசநோய்க் கிருமி, நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளிப்படும் மிக நுண்ணிய துளிகளில் மிதந்து, அதே காற்றைத் தொடர்ந்து சுவாசிப்பவரின் நுரையீரலின் அடி வரை போய்ச் சேர்ந்தால்தான் தொற்றும். தட்டிலும் டம்ளரிலும் துண்டிலும் தொடுவதிலும் அது பரவுவதில்லை. அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே மாதிரித் தட்டில் சோறு போடலாம், எல்லாவற்றையும் சேர்த்தே கழுவலாம். பிளீச்சிங் பவுடரை நிறுத்துங்கள். அந்த நெடி இருமலைக் கூட்டத்தான் செய்யும்.

கதவடைத்த ஏ.சி. அறை கிருமிக்கு வசதியான இடம். அறைக்குள்ளே இருக்கும் காற்றையே ஏ.சி. சுற்றிச் சுற்றி விடுகிறது. சாப்பாடு கொண்டு போகிறவரும் உடம்பு துடைத்துவிடுகிறவரும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். உங்கள் வீட்டில் வானம் பார்த்த முற்றமாக வளவு இருக்கும்போது இது எதற்கு? பகல் முழுவதும் வளவைச் சுற்றிய பத்தியில் (தாழ்வாரத்தில்), வெயில் விழும் பக்கமாக அவருக்கு நாற்காலி போடுங்கள். வெளிக்காற்று கிருமியை நீர்க்கச் செய்யும், வெயில் அதைக் கொல்லும். இரவில் அவர் மட்டும் தனியாக, ஜன்னல் உள்ள அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கட்டும். வளவையொட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரட்டை வீட்டின் உள்ளறைகளுக்கு ஜன்னல் கிடையாது, ஆகவே அவை வேண்டாம். முதல் சில வாரங்களுக்கு, பேசும்போதும் ஆட்கள் அருகில் வரும்போதும் அவர் முகக்கவசம் அணிய வேண்டும். இருமும்போது வாயைத் துணியால் மூட வேண்டும்.

சானடோரியத்துக்கு அனுப்புவது பற்றிய கேள்விக்கு நம் மாநிலமே பதில் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொல்லியிருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வில், காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கொடுத்து வைத்தார்கள். மற்றவர்களை அவர்களுடைய நெருக்கடியான சிறு வீடுகளிலேயே விட்டு, மருந்து மட்டும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானபோது இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டிலேயே இருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. குடும்பத்தாருக்குத் தொற்றியவை பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்றிவிட்டவைதான். உலகம் சானடோரியங்களை மூடத் தொடங்கியதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். அவரை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை.

மாமனாரின் இருமல்

காசநோய் வம்சத்தில் வருவதில்லை. ஆனால் உங்கள் மாமியார் சொல்வதை நான் முழுதாகத் தள்ளவும் மாட்டேன்.

மூக்கின் முடி, தொண்டைச் சளி, சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும் குறு இழைகள் ஆகியவை நாம் சுவாசிக்கும் பெரும்பாலான தூசியையும் கிருமியையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். காசநோய்க் கிருமியைச் சுமந்த துளி மிகச் சிறியது என்பதால் தப்பி உள்ளே போய்விடுகிறது. அங்கே விழுங்கணுக்கள் என்ற காவல் அணுக்கள் அதை விழுங்குகின்றன. மற்ற கிருமிகள் அதோடு செத்துப்போகும், இது சாகாமல் அந்த அணுவுக்குள்ளேயே குடியிருக்கும். சில வாரங்களில் டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து கூடி, விழுங்கணுக்களை முடுக்கிவிட்டு, கிருமியைச் சுற்றிச் சிறு முடிச்சுப் போலச் சுவர் எழுப்பிவிடுகின்றன. பெட்டகத்துக்குள் பூட்டிய திருடனைப்போல, அது ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். தொற்றிய பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு வாழ்நாளில் நோய் வராமலே போவது இதனால்தான். அவர்களுக்கு இருமல் இல்லை, அவர்களிடமிருந்து யாருக்கும் தொற்றுவதும் இல்லை.

1971இல் உங்கள் கணவருக்கு ஐந்து வயது. இருமும் தகப்பனாரின் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை. அன்றைக்கு உள்ளே போன கிருமி அரை நூற்றாண்டு பூட்டிக் கிடந்து, காவல் தளர்ந்ததும் வெளியே வந்திருக்கலாம். அண்மையில் வேறெங்கோ, ஒரு பஸ்ஸிலோ கடையிலோ தொற்றியிருக்கவும் கூடும். எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. சிகிச்சைக்கு அது தேவையும் இல்லை. தகப்பனாரிடமிருந்தே வந்திருந்தாலும் இரத்தத்தில் வரவில்லை, மூச்சில் வந்தது. ஆகவே பேத்திக்கு ‘வம்சத்து நோய்’ என்ற பேச்சு வேண்டாம்.

காவல் ஏன் தளர்ந்தது? பதினான்கு ஆண்டுச் சர்க்கரை. சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் விழுங்கணுக்கள் தாமதமாக வருகின்றன, வந்தாலும் சரியாக விழுங்குவதில்லை, டி அணுக்களோடு அவற்றின் பேச்சுவார்த்தையும் கெடுகிறது. சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. தொற்றாத நோய் ஒன்று தொற்றுநோய்க்குக் கதவு திறந்துவிட்டது. பூட்டாமல் விட்டால் சிகிச்சைக்குப் பிறகும் அதே வழியில் திரும்ப வரும். இதைத்தான் உங்கள் கடிதம் கவனிக்கவில்லை.

சர்க்கரை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஒரே குடும்பத்தில் பலருக்கு இருப்பதற்குக் காரணம் பிறப்பில் வரும் சாய்வும் ஒரே அடுப்படியும்தான். மாலை நான்கு மணிக்கு வெள்ளைப் பணியாரமோ கந்தரப்பமோ இல்லாமல் காபி இறங்காத வீடுகள் நம்முடையவை. கவுனி அரிசி கறுப்பாக இருப்பதால் சர்க்கரைக்கு நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள்; சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிண்டிய பிறகு அரிசியின் நிறத்துக்கு என்ன மதிப்பு இருக்கிறது? உங்களுக்கு வெறும் வயிற்றில் 118 என்பது ‘கொஞ்சம்’ அன்று, நோயின் வாசற்படி. 100க்குக் கீழே இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடம் உங்கள் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பொடியும் மாத்திரையும்

பொடி டப்பாக்களைத் திறக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தி என்பது கூட்டக் கூட்ட நல்லது என்ற எண்ணத்தின் பேரில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. அது அப்படியிருந்தால் உங்கள் தங்கைக்கு முடக்குவாதமே வந்திருக்காது. அவர் உடம்பின் காவலர்கள் ஆள் மாறி, சொந்த மூட்டுகளின் உட்சவ்வையே பகைவன் என்று எண்ணித் தாக்குவதுதான் அந்த நோய். அவர்களை அடக்கி வைக்கத்தான் மெதோட்ரெக்ஸேட். அந்த மருந்தும் ஈரலைத் தொடும், உங்கள் கணவரின் காசநோய் மாத்திரைகளும் ஈரலைத் தொடும். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடியை இதற்கு மேல் கொடுத்து, நாளைக்கு மஞ்சள் காமாலை வந்தால் எது காரணம் என்று பிரித்தறியக்கூட முடியாமல் போகும். உங்கள் கணவரின் காவலைத் தூக்கி நிறுத்த வேண்டியவை கட்டுப்பட்ட சர்க்கரை, முட்டை, மீன், பருப்பு, கோழி, தூக்கம் ஆகியவையே. மகன் ஆசையாக அனுப்பியது என்பதால் மனம் வராதுதான். அவரிடம் இந்தக் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

சிறுநீர் செம்மஞ்சளானது ரிஃபாம்பிசினின் நிறம். வியர்வையும் கண்ணீரும்கூட அப்படி ஆகலாம். அது இரத்தம் இல்லை, உடம்புச் சூடும் இல்லை. மாத்திரை உள்ளே போகிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று நான் நோயாளிகளிடம் சொல்வதுண்டு. விட்டுப்போன இரண்டு நாளை, மாத்திரை கொடுக்கும் ஊழியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஈடுகட்ட இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, பசி அறவே போவது, பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இருமல் பெரும்பாலும் ஒரு மாதத்தில் நின்றுவிடும். அப்போதுதான் எல்லோரும் மாத்திரையை விடுகிறார்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும் என்றால், காசநோய்க் கிருமி அதற்கு ஏறத்தாழ இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அரைத்தூக்கத்தில் கிடக்கும் கிருமிகளைப் பல மருந்துகள் எட்டுவதே இல்லை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து என்று ஆறு மாதம் ஓடுவது அந்தச் சோம்பேறிகளுக்காகத்தான். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் மிஞ்சும். பிறகு வைத்தியம் நீளும், மருந்துகளும் கடுமையாகும்.

இன்னொன்று. ரிஃபாம்பிசின், ஈரலை வேகமாக வேலை செய்ய வைத்து, கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் பலத்தைக் குறைத்துவிடும். நோயின் சுமையும் சர்க்கரையை ஏற்றும். ஆகவே பழைய மாத்திரைச் சீட்டையே தொடராமல், சர்க்கரை மருத்துவரிடம் காசநோய் மாத்திரை தொடங்கியிருப்பதைச் சொல்லுங்கள். சில மாதம் இன்சுலின் போடச் சொன்னால் மறுக்காதீர்கள்.

யாரைப் பரிசோதிக்க வேண்டும்

மருமகள் செய்ததில் தப்பில்லை. ஏழு மாதக் குழந்தையின் தாய். ஆனால் ஆடியிலிருந்து ஐப்பசி வரை குழந்தை அதே வீட்டுக் காற்றைத்தான் சுவாசித்தது. தேவகோட்டைக்குப் போனதால் அந்த மூன்று மாதம் அழிந்துவிடாது. பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று சம்பந்தியம்மா சொல்வது பாதி சரி: மூளையையும் உடம்பு முழுவதையும் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து அது சிறு குழந்தைகளைப் பெரும்பாலும் காக்கிறது, முற்றாகக் காப்பதில்லை. செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய மிகப் பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்றே தெரிந்தது. ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகளின் எதிர்ப்பு இன்னும் முற்றாததால், அவர்களுக்குத் தொற்று வேகமாக நோயாக மாறும். குழந்தை நல மருத்துவர் பார்த்து, நோய் இல்லை என்று உறுதியானால், எடைக்கேற்ற அளவில் தடுப்பு மருந்து தொடங்குவார். வழக்கமாக ஆறு மாதம். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

உங்கள் தங்கையை இரண்டாவதாகச் சொல்வேன். அவரைப் பொடி விஷயத்தில் மட்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர், மூன்று மாதம் இருமலுக்கு அருகில் இருந்தவர். அவருடைய மூட்டு மருத்துவருக்கு இந்த வாரமே செய்தி போக வேண்டும். மாமியாருக்கும் உங்களுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயும், அறிகுறிகளைக் கேட்டறியும் பரிசோதனையும் வேண்டும். தடுப்பு மருந்து யாருக்கு என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்வார்கள்.

தட்டு கழுவும் பெண்ணின் பெயர்கூடக் கடிதத்தில் இல்லை. அவரும் அதே அறைக்குள் போய் வருகிறவர்தான். அவருக்கும் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பரிசோதனை நடக்க வேண்டும்; அரசு மருத்துவமனையில் எல்லாமே இலவசம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், ஏழைக் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக உணவுப் பொருள் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. உங்கள் வீட்டு அடுப்படியில் தினமும் ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் பருப்பும் அவருக்கும் கிடைக்கும்படி செய்வது பொடி வாங்கிய பணத்தைவிடக் குறைந்த செலவு.

பதிவும் பரிசோதனையும்

காசநோயைக் கண்டுபிடித்த எந்த மருத்துவரும், தனியாராக இருந்தாலும், அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். 2012 முதலே இந்த விதி இருக்கிறது. அதற்காக உங்கள் பெயர் ஊர்ப் பலகையில் ஏறாது. வீட்டுக்கு வரும் ஊழியர் பங்காளிகள் இல்லாத நேரத்தில் வரட்டும் என்று நீங்கள் கேட்கலாம், அது நியாயமான கோரிக்கை. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது உங்கள் விருப்பம். பதிவை மட்டும் மறுக்க வேண்டாம்.

எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் காசநோயாளிகள் எல்லோரையும்தான் கேட்கிறார்கள். அதுவும் எதிர்ப்பைக் குலைக்கும் நோய் என்பதால் கேட்கிறார்களே தவிர, செட்டியாரின் நடத்தையைப் பற்றிய சந்தேகம் அதில் இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது. முடிவை மற்றவர்களிடம் சொல்லவும் கூடாது. மறுக்க அவருக்கு உரிமை உண்டு. மருத்துவம் சரியாக அமைய வேண்டும் என்பதால், சம்மதிக்கும்படி சொல்வேன்.

சாந்தியைத் தள்ளிப்போட வேண்டாம். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் இரண்டு மூன்று வாரங்களிலேயே தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். இரண்டு மாத முடிவில், அதாவது தை முதல் பாதிக்குள், சளியை மறுபடி சோதிப்பார்கள். அதில் கிருமி இல்லை என்று வந்துவிட்டால் அவர் மணையில் உட்காரலாம், பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளலாம், பங்காளிகளோடு ஒரே பந்தியில் சாப்பிடலாம். கிருமி இருந்தால் மருத்துவர் காரணத்தைத் தேடுவார், அப்போது நாளை மாற்றிக்கொள்ளலாம். அழைப்பிதழை அந்த முடிவு வந்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.

தேவகோட்டைக்கு நீங்களே போன் செய்யுங்கள், மகனை விட்டுப் பேச வைக்காதீர்கள். குழந்தையைக் காரைக்குடிக்குக் கூட்டி வருவதோ, அங்கேயே பார்ப்பதோ, அவர்கள் வசதிப்படி இருக்கட்டும். தடுப்பூசி அட்டையும் உங்கள் கணவரின் சளிப் பரிசோதனைச் சீட்டின் நகலும் கையில் இருந்தால் போதும்.